ராணியின் தீவில் ஆக்ரா முகங்கள்

2018ம் வருஷம் ஜூலை மாதம் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரில் இருக்கும் எங்கள் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். முதல் தடவை போனபோதே லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் என்று எல்லோரும் பார்க்கிற இடங்களைப் பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை மாப்பிள்ளை, "பக்கத்துலயே ஒரு சின்னத் தீவு இருக்கு, மூணு நாள் அங்கே போயிட்டு வரலாம். அந்தக் கால மனுஷாளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். அந்தக் கால மனுஷாள் என்று அவர் சொன்னது எங்களைத்தான் என்பது படகில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

தீவின் பெயர் ஐல் ஆஃப் வைட். வெள்ளைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலத்தில் எழுத்தே வேறு. இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, ஸோலன்ட் என்ற குறுகிய கடல் பகுதிக்கு அப்பால் இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே சுமார் 37 கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்கே சுமார் 21 கிலோமீட்டர். ஜனத்தொகை ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம். சௌதாம்ப்டனிலிருந்து காரோடு ஏறிக்கொள்ளும் பெரிய படகில் ஒரு மணி நேரத்துக்குள் ஈஸ்ட் கௌஸ் என்ற துறையில் இறங்கலாம். என் மனைவி வழக்கம்போல் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். படகின் மேல்தட்டில் காற்றுக்குக் கையால் பொத்திக்கொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்தது.

அங்கத்தினர்களில் பலர் பெண்ணையோ பிள்ளையையோ பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள்தான். அவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று பிரயாணக் குறிப்பாகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அது வேறு எங்கோ போய்விட்டது.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 36 வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் வேறு எதிலிருந்து ஆரம்பிப்பான்? தீவின் வடகிழக்கில் ரைட் என்று ஒரு ஊர். அங்கே கடலுக்குள் நீளமாகப் போகும் ஒரு பாலத்துறை இருக்கிறது. 1814ல் திறந்தது. அதன் நுனியிலிருந்து கிளம்பி, தெற்கே ஷாங்க்லின் வரை சுமார் 14 கிலோமீட்டர் ஓடுகிறது ரயில். நான் போனபோது அதில் ஓடிக்கொண்டிருந்தவை 1938ம் வருஷத்தில் லண்டன் பாதாள ரயிலுக்காகச் செய்த பெட்டிகள்! லண்டனில் ஓய்வு பெற்றவற்றைக் கொண்டுவந்து இங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள். ரைட் ஊருக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் உயரம் குறைவு, சாதாரண வண்டி நுழையாது. அதனால்தான் பூமிக்கு அடியில் ஓடப் பிறந்த இந்தக் குள்ள வண்டிகள். 80 வயசு வண்டி, கடல் மேல் தடதடவென்று போனபோது பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு ஜான்ஸி லோகோ ஷெட்டின் வாசனை அடித்த மாதிரி இருந்தது. 2021 ஜனவரியோடு அந்த வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் வந்த புதிய வண்டிகளும் லண்டனில் ஓடித் தேய்ந்தவைதாம், புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். தீவின் சுபாவம் மாறவில்லை என்று தெரிகிறது.

தீவு முழுவதுமே இப்படித்தான். வேறு எங்கும் எப்போதோ மூட்டை கட்டிவிட்ட வேடிக்கைகளை இங்கே துடைத்து வைத்திருக்கிறார்கள். 1843ல் ஆரம்பித்த ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. காட்ஸ்ஹில் என்ற கிராமத்தில், அந்தக் கிராமத்தையே முழங்கால் உயரத்துக்குச் சின்னதாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பொம்மைக் கிராமத்துக்குள் பொம்மைக் கிராமத்தின் பொம்மை, அதற்குள் இன்னும் சின்னதாக ஒன்று. மேற்குக் கோடியில் ஆலம் பே என்ற இடத்தில் மலைச்சரிவு மண் சிவப்பு, மஞ்சள், காவி, வெளுப்பு என்று பல நிறத்தில் இருக்கிறது. அந்த மணலைக் கண்ணாடிக் குப்பியில் அடுக்கடுக்காக நிரப்பி எடுத்துப் போவது விக்டோரியா காலத்து வழக்கம், இன்றும் அதற்கு க்யூ நிற்கிறது. பேரன் நிரப்பிய குப்பி நாக்பூரில் எங்கள் பூஜை அலமாரிக்கு மேல் இருக்கிறது. மணல் கலந்துபோய் இப்போது எல்லாம் ஒரே காவிதான்.

காரிஸ்ப்ரூக் கோட்டையில் ஒரு கழுதையைப் பார்த்தோம். 161 அடி ஆழக் கிணறு, அதன் மேல் 1587ல் செய்த பெரிய மரச் சக்கரம். கழுதை சக்கரத்துக்குள் நின்று நடக்க நடக்கச் சக்கரம் சுற்றும், வாளி மேலே வரும். அங்குள்ள கழுதைகளுக்கெல்லாம் ஆங்கில ஜே எழுத்தில்தான் பெயர் வைப்பார்களாம். என் மனைவி வெகு நேரம் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா தோட்டத்துல கவலை இறைக்கற மாடாவது முன்னாடியும் பின்னாடியும் போகும். பாவம், இது நடந்துண்டே இருக்கு, இருந்த இடத்தை விட்டு நகரலையே" என்றாள். கழுதைகளுக்கு முன்னால் இந்தச் சக்கரத்தில் கைதிகளை நடக்கவிட்டதாகச் சொன்னார்கள். சார்லஸ் மன்னரையும் இதே கோட்டையில்தான் 1647-48ல் அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்துக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார் அவர். 1649 ஜனவரியில் தலை போயிற்று. கைதிகள் விஷயம் அன்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதுதான். மறுநாள் அது வேறு ரூபத்தில் திரும்பி வந்தது.

மறுநாள் போனது ஆஸ்போர்ன் மாளிகைக்கு. விக்டோரியா மகாராணியும் கணவர் ஆல்பர்ட்டும் 1845ல் வாங்கி, தாமஸ் க்யூபிட் என்ற கட்டடக்காரரைக் கொண்டு இத்தாலி நாட்டுப் பாணியில் கட்டிக்கொண்ட வீடு. அரண்மனை இல்லை, சொந்த வீடு. தோட்டத்தில் ஸ்விஸ் காட்டேஜ் என்று குழந்தைகளுக்காக ஒரு மர வீடு. ராஜகுமாரர்களும் ராஜகுமாரிகளும் அங்கே காய்கறி பயிரிட வேண்டும், விளைந்ததை அப்பா மார்க்கெட் விலைக்கு வாங்கிக்கொள்வார். அந்த வருஷம் வெயில் அதிகம், பெயர் பெற்ற புல்வெளியெல்லாம் நம் ஊர் மே மாதம் போல் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. ராணி 1901 ஜனவரி 22ந் தேதி இந்த வீட்டில்தான் காலமானார். அந்தப் படுக்கை அறையையும் பார்க்கலாம். அதை மகன் ஏழாம் எட்வர்ட் கதவு போட்டு மூடிவிட, 1954 வரை வெளியார் யாரும் பார்க்க முடியாமல் இருந்ததாம்.

இந்த வீட்டின் ஒரு பக்கத்தில் 1890-91ல் சேர்த்துக் கட்டியது தர்பார் ஹால். கதவைத் தாண்டினதும் நாங்கள் நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டோம். சுமார் 60 அடி நீளம், 30 அடி அகலம். சுவரும் கூரையும் வெள்ளை வெளேரென்று, விரல் வைக்க இடமில்லாமல் பூவேலை, ஜாலி வேலை. கணப்பு அடுப்புக்கு மேலே தோகை விரித்த பெரிய மயில். ஜூபிலி விழாக்களுக்கு நம் சமஸ்தானங்களும் ஊர்களும் அனுப்பிய வாழ்த்து மடல்களின் பேழைகள் வெள்ளியிலும் தந்தத்திலும் வரிசையாக இருக்கின்றன. இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று 1877 ஜனவரி 1ந் தேதி டில்லியில் பறை சாற்றப்பட்டவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வர முடியாத தேசத்தை வீட்டோடு ஒரு அறையாகக் கட்டிக்கொண்டார்.

கட்டியது யார்? பல புத்தகங்களில் லாக்வுட் கிப்ளிங் என்று போட்டிருக்கும். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தகப்பனார், அப்போது லாகூர் மேயோ ஓவியக் கல்லூரியின் முதல்வர். அதற்கு முன் பம்பாய் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். கிராஃபோர்ட் மார்க்கெட் முகப்பில் நம் மும்பை அங்கத்தினர்கள் பார்க்கும் புடைப்புச் சிற்பங்கள் அவருடையவை. தர்பார் ஹாலுக்கு அவருடைய யோசனை உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் வடிவம் வரைந்து, இங்கிலாந்துக்கு வந்து தங்கி, மரத்தில் அச்சு செதுக்கிக் கொடுத்தவர் அவருடைய மாணவர் பாய் ராம் சிங். தச்சர் குடும்பத்தில் பிறந்த சீக்கியர். அவர் செதுக்கிய அச்சிலிருந்துதான் லண்டன் தொழிற்சாலை ஒன்று சுண்ணச் சாந்து வார்ப்புகளை எடுத்தது. பிற்காலத்தில் அதே மேயோ கல்லூரிக்கு அவரே முதல்வர் ஆனார். அமிர்தசரஸில் கால்ஸா கல்லூரியைப் பார்த்தவர்கள் அவர் கையைப் பார்த்தவர்கள்தான். ஆஸ்போர்னில் அவர் பெயர் மறையாமல் இருப்பதற்கு ஒரு காரணம், ராணி அவரை உட்காரவைத்துப் படம் எழுதச் சொன்னதுதான். தலைப்பாகையும் தாடியுமாக அந்தப் படம் ஹாலுக்கு வெளியே நடைவழியில் மாட்டியிருக்கிறது.

அந்த நடைவழியில்தான் என் பிரயாணக் குறிப்பு தடம் புரண்டது.

இரண்டு பக்கச் சுவரிலும் இந்திய முகங்கள். எழுதியவர் ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற வியன்னா நகரத்து ஓவியர். பெரும்பாலும் சின்னப் படங்கள், நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சிப்பாய், நெசவாளி, குயவர், சிறுவர்கள், பெண்கள். ராஜாக்கள் இல்லை, ரயில் நிலையத்தில் நான் தினம் பார்த்த ஜனங்கள். சில படங்களுக்குக் கீழே பெயர், தொழில், ஊர். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் மறுபடியும் ஆக்ரா, ஆக்ரா.

நான் 1983 முதல் 1987 வரை ஆக்ரா கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வேலை பார்த்தவன். அந்த நாலு வருஷத்தில் எங்கள் க்வார்ட்டர்ஸுக்கு வராத உறவினர் இல்லை. ஒவ்வொரு கோஷ்டியையும் தாஜ்மஹால், கோட்டை, சிகந்தரா என்று கூட்டிக்கொண்டு போய், போகும்போது ஒரு டப்பா பேட்டா வாங்கிக் கொடுத்து ரயிலேற்றி அனுப்பியிருக்கிறேன். ஆக்ராவைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முகங்களில் ஒன்றைப் பற்றிக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு படத்தில் வெள்ளைத் தாடிக் கிழவர். பெயர் பக்ஷிராம், குயவர், வயது 102 என்று சொல்லப்பட்டதாம். அந்தக் காலத்தில் வயதை யார் சரியாகச் சொன்னார்கள்? இருந்தாலும் படம் எழுதிய 1886லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1803ல் சிந்தியாவின் படையிடமிருந்து ஆக்ரா கோட்டையைக் கம்பெனிக்காரன் பிடித்தபோது இவர் 19 வயசு வாலிபன். 1857ல் எழுபதைத் தாண்டியவர். அத்தனையையும் பார்த்துவிட்டு, நூறு வயதுக்கு மேல் கப்பலேறி லண்டனுக்கு வந்து, திகிரி சுற்றிக் காட்டியிருக்கிறார். கண்ணில் ஒரு சோர்வு. ஓவியர் அதை மறைக்கவில்லை.

இவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை ஊர் திரும்பிய பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1886ல் லண்டன் சௌத் கென்ஸிங்டனில் குடியேற்ற நாடுகள், இந்தியக் கண்காட்சி என்று ஒன்று பிரமாதமாக நடந்தது. வந்து பார்த்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இந்தியப் பகுதியில் 34 கைவினைஞர்கள் உட்கார்ந்து நெய்தும் செதுக்கியும் வனைந்தும் காட்டினார்கள். பரம்பரை பரம்பரையாக மாறாமல் வரும் இந்தியக் கிராமத் தொழில் என்று லண்டன் ஜனங்கள் வியந்து பார்த்தார்கள். ஆனால் கோஷ்டியைத் திரட்டி அனுப்பியவர் டாக்டர் டைலர், ஆக்ரா சென்ட்ரல் ஜெயிலின் சூப்பரின்டெண்டென்ட். கோஷ்டியில் பலர் அந்த ஜெயிலின் கைதிகள்! ஜெயிலில் கைதிகளுக்குக் கம்பளம் நெய்யக் கற்றுக்கொடுத்து விற்பது அந்தக் காலத்தில் பெரிய வியாபாரம், ஆக்ரா ஜெயில் கம்பளத்துக்கு நல்ல பெயர். அதாவது, பிரிட்டிஷ் ஜெயிலில் கற்ற தொழிலைப் பிரிட்டிஷ் ஜனங்களே புராதன இந்தியா என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். காரிஸ்ப்ரூக் சக்கரத்துக்குள் நடந்த கைதிகள் ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான்.

ராணி அவர்களை விண்ட்ஸர் அரண்மனைக்கு வரவழைத்துப் பார்த்தார். சிலரைப் படம் எழுதச் சொன்னார். பிடித்துப்போகவே, ஸ்வோபோடாவை இந்தியாவுக்கே அனுப்பி இன்னும் பல முகங்களை எழுதிவரச் செய்தார். இதில் ராணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்காட்சியில் இவர்களைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களில் பெயர் என்ன என்று கேட்டவர் அவர். பெயரோடு படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டவரும் அவர். கேட்ட பிறகு அந்தக் கைதிகளின் கதி என்ன ஆயிற்று என்பதை மட்டும் அந்தச் சுவர் சொல்லவில்லை.

அதே ஜெயிலில் குமாஸ்தாவாக இருந்த அப்துல் கரீமின் கதை இப்போது எல்லோருக்கும் தெரியும். 1887 பொன்விழாவுக்காக டைலர் அனுப்பி வைத்த இரண்டு பணியாட்களில் ஒருவர், 24 வயது. சாப்பாட்டு மேஜையில் பரிமாற வந்தவர், சீக்கிரமே ராணிக்கு ஹிந்துஸ்தானி கற்றுக்கொடுக்கும் முன்ஷி ஆனார். ராணி கடைசி வரை விடாமல் எழுதிப் பழகி 13 நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். அறுபத்தெட்டு வயசில் ஆரம்பித்த பாடம்! (நான் ஓய்வு பெற்றதும் ஆரம்பித்த மராத்தி மூன்றாம் பாடத்தோடு நிற்கிறது.) ஆஸ்போர்னில் அவருக்கு வீடு, ஆக்ராவில் நிலம், பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. அரண்மனை உத்தியோகஸ்தர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. அவரும் ஒன்றும் சாது இல்லை என்றுதான் படுகிறது, அந்தஸ்து விஷயத்தில் விட்டுக்கொடுத்தவரில்லை. ராணி காலமானதும் புது மன்னரின் உத்தரவுப்படி, ராணி அவருக்கு எழுதிய கடிதங்களை வீட்டுக்கே வந்து வாங்கி எரித்தார்கள். குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1909ல் ஆக்ராவில் இறந்தபோது வயது 46. அவர் சந்ததியார் பாதுகாத்து வந்த குறிப்பேடு சிராபணி பாசு என்ற எழுத்தாளர் மூலமாக 2010ல் வெளியே வந்தது. 2017ல் சினிமாவும் வந்து, அதன் சில காட்சிகளை இதே ஆஸ்போர்னில் எடுத்தார்கள். நாங்கள் போனபோது சினிமாவின் ஞாபகத்தில் வந்தவர்கள்தான் அதிகம். முன்ஷி படத்துக்கு முன்னால் கூட்டம். பக்ஷிராமின் முன்னால் யாரும் இல்லை.

"அப்பா, நீங்க ஆக்ராலதானே இருந்தேள், இவாளையெல்லாம் பத்திச் சொல்லுங்கோளேன்" என்றாள் பெண். என்ன சொல்வது? டீ குடிக்கப் போகலாம் என்றேன்.

மூன்றாம் நாள் தீவின் மேற்குக் கோடி. கடலுக்குள் வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளைச் சுண்ணப் பாறைகளுக்கு ஊசிகள் என்று பெயர். ஊசி மாதிரி இருந்தது நாலாவது பாறைதானாம், அது 1764லேயே விழுந்துவிட்டது. கரையில், 1897ல் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி சோதனைகள் செய்ததற்கு ஒரு நினைவுக் கல். மேலே குன்றில் பிரிட்டனின் ராக்கெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்த்த காங்கிரீட் மேடைகள் காலியாகக் கிடக்கின்றன. அந்த பிளாக் ஏரோ ராக்கெட் 1971 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செயற்கைக்கோளை வெற்றிகரமாக ஏற்றியது. அதற்குச் சில மாதம் முன்பே, செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று திட்டத்தை ரத்து செய்தாகிவிட்டது. நாம் 1980ல் ரோஹிணியை ஏற்றினோம், நிறுத்தவில்லை. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிக் கொஞ்சம் மார் தட்டிக்கொண்டேன். நேற்றைய கணக்கு ஓரளவு நேரானது போல் இருந்தது.

பக்கத்தில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் டிம்போலா என்று ஒரு வீடு. நாங்கள் போனபோது அது காட்சியகமாக இருந்தது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாள் வாழ்ந்த வீடு. கல்கத்தாவில் 1815ல் பிறந்தவர், கம்பெனி உத்தியோகஸ்தரின் பெண். கணவர் சார்லஸ் ஹே கேமரன் மெக்காலேயோடு சட்டக் கமிஷனில் இருந்தவர், இலங்கையில் காப்பித் தோட்டங்கள் உள்ளவர். அந்தத் தோட்டத்தின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார்கள். 48 வயசில் மகள் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுக்க, அம்மாள் கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாக்கி, கரி போடும் அறையை இருட்டறையாக்கிப் படம் பிடிக்கக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டுக் கவிஞர் டென்னிஸன், 1868ல் தங்க வந்த டார்வின், யாரையும் விடவில்லை. வீட்டு வேலைக்காரிகளையும் விடவில்லை.

அந்த வேலைக்காரிகளில் ஒருத்தி மேரி ரையன். லண்டன் பக்கம் தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த குழந்தையை அழைத்து வந்து வளர்த்துப் படிக்க வைத்தார் அம்மாள். அவளைப் பிடித்த படம் லண்டன் கண்காட்சியில் இருந்தது. அதைப் பார்த்து மனசைப் பறிகொடுத்த ஒரு இளைஞர் 1867ல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பெயர் ஹென்றி காட்டன். 1845ல் பிறந்தவர். பிறந்த ஊர் நம் கும்பகோணம்! தகப்பனார் சென்னை மாகாண ஸிவில் ஸர்வீஸ். பிள்ளை வங்காளத்தில் ஐ.ஸி.எஸ். ஆகி, அஸ்ஸாமில் சீஃப் கமிஷனராக இருந்து, தேயிலைத் தோட்டக் கூலிகளுக்காகப் பேசித் தோட்ட முதலாளிகளின் பகையைச் சம்பாதித்தவர். 1904ல் பம்பாய்க் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. நான் பக்கத்தில் இருந்தவளிடம், "கும்பகோணமாம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். அவள் என் மனைவி இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள். மிகவும் மரியாதையாகத் தலையை ஆட்டினாள்.

1875ல் கேமரன் தம்பதி இலங்கைக்கே குடிபோனார்கள். அங்கே கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். காப்பிச் செடிக்கு 1869லிருந்தே இலை நோய் பிடித்திருந்தது. வருமானம் போய்க்கொண்டிருந்த காலம். அம்மாள் 1879ல் அங்கேயே இறந்தார். கடைசி நாலு வருஷத்தில் இலங்கையில் பிடித்த படங்களில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. களுத்துறைக் குடியானவர்கள் என்று ஒன்று, பெயரில்லாத ஒரு இளம் பெண், தோட்டத்து ஆட்கள். தோட்டத்து ஆட்கள் என்றால் நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து போய் மலையேறிய தமிழ் ஜனங்கள்தான். டிம்போலா என்ற பெயருக்கும் அந்த வீட்டுக்கும் அவர்கள் உழைப்பில் பங்கு உண்டு. பிச்சைக்காரச் சிறுமிக்குப் பெயர் இருக்கிறது, அவள் கல்யாண வருஷம்கூட இருக்கிறது. எங்கள் ஜனங்களின் படத்துக்குக் கீழே பெயர் இல்லை. அதே கேமரா, அதே அம்மாள். ஆக்ராக் கைதிகளுக்கு ராணியிடம் கிடைத்ததுகூட இவர்களுக்கு இந்த அம்மாளிடம் கிடைக்கவில்லையே என்று எனக்கு மனசு ஆறவில்லை. மாப்பிள்ளை மணியைப் பார்த்தார். யார்மத் துறையில் மாலைப் படகு காத்திருந்தது.

2020 ஜனவரியில், கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பழைய சகா ஒருவர் பேத்தி கல்யாணத்துக்கு ஆக்ரா போனேன். முகூர்த்தம் முடிந்த மறுநாள் தனியாக ஆட்டோ பிடித்தேன். பஞ்ச்குயியான் கபரஸ்தானில் முன்ஷி கரீமின் சமாதி இருக்கிறது. நான் வேலைக்குப் போன நாட்களில் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் கடந்து போயிருக்கிறேன். பார்த்துவிட்டு, சென்ட்ரல் ஜெயில் எங்கே இருந்தது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் வேறு ஜெயிலுக்கு வண்டியைத் திருப்பப் பார்த்தார். அது இல்லை, வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ஜெயில் என்றேன். ஸஞ்சய் பிளேஸில் கொண்டுபோய் விட்டார். பழைய ஜெயிலை இடித்த இடத்தில் எழுந்த வியாபார வளாகம் அது. பாங்க்குகள், கம்ப்யூட்டர் கடைகள், சாட் வண்டிகள். நான் ஆக்ராவில் இருந்தபோது எத்தனையோ வேலையாக அங்கே போய் வந்திருக்கிறேன்.

ஒரு டீக்கடைப் பெரியவரிடம் ஜெயிலைப் பற்றிக் கேட்டேன். இங்கேதான் இருந்தது, கம்பளம் நெய்வார்கள் என்று அவர் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாராம். செல்போனில் பக்ஷிராமின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "உங்க சொந்தக்காரரா?" என்று ஹிந்தியில் கேட்டார். இல்லை, இந்த ஊர்க்காரர், குயவர் என்றேன். பேரைக் கேட்டார். சொன்னேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.